பாட்டிலின் மேல் எழுதியிருந்தது

என் அஞ்சலை அக்காவுக்கு,

உன் தம்பி கோவிந்தராசு, யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லாமல், தன் கையாலேயே எழுதுகிற கடிதம் இது. நம்புவாயா? எழுபத்திரண்டு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது, அக்கா. முதல் கடிதம் யாருக்கு என்று யோசிக்கவே இல்லை.

ஒரு வரி எழுதக் கால் மணி நேரம் ஆகிறது. 'ழ' போட்டால் அதன் வால் எங்கேயோ போய்விடுகிறது. ஆனால் எழுதி முடித்த வரியைத் திரும்பப் படிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அரியமங்கலம் பட்டறையில் நாற்பது வருஷம் இரும்பு கடைந்தேனே, ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. போன வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கடைப் பலகை விடாமல் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர், "பெரியவரே, கொஞ்சம் மனசுக்குள்ள படிங்க" என்றார். மனசுக்குள் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை. வாயைத் திறந்தால்தான் எழுத்து பிடிபடுகிறது.

இதை எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டப் போவதாக கிரேசி மேடம் சொல்லியிருக்கிறார். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன். சுவரில் ஒட்டினால் உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில், ஒரு பை நிறையச் சின்னச் சின்ன பாட்டில்களோடு நின்றவள் நீ. பல் எண்ணெய் அஞ்சலை என்றால்தான் அங்கே தெரியும். கிராம்பையும் ஓமத்தையும் இடித்து நல்லெண்ணெயில் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, ஒரு மண்டலம் வெயிலில் வைத்து எடுத்த எண்ணெய். பல்வலிக்காரர்கள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டே உன்னைத் தேடி வருவார்கள்.

ஆனால் நீ உடனே கொடுத்துவிட மாட்டாய். "வெயிலப் பாத்து வாயத் தொறங்க" என்பாய்.

"எண்ணெயக் குடும்மா. வாயப் பாத்து என்ன செய்யப் போற?"

"மாடு வாங்குறவங்க பல்லப் பாப்பாங்க. நான் விக்கிறப்ப பாக்குறேன். தொறங்க."

தாடை வீங்கியிருந்தால் பாட்டில் கிடையாது. "இதுக்கு எண்ணெய் ஆகாது, நேரா பல் டாக்டருகிட்ட போங்க" என்று திருப்பி அனுப்புவாய். "யாவாரம் வேணாமா ஒனக்கு?" என்று ஒருவர் எரிச்சலாகக் கேட்டபோது, "ஒங்க தாடை வேணாமா ஒங்களுக்கு?" என்றாயே, அதை இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. உத்திர வீதியிலிருந்து ஒரு மாமி வருவாரே, "அஞ்சலை, இந்தக் கடவாய்ப் பல்லு ரெண்டு நாளா பிராணனை வாங்கறதுடீ, பெருமாளை சேவிக்கறச்சேகூட மனசு அங்க நிக்கல" என்று. அவரையும் வெயிலில் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொன்னவள் நீ.

இன்று இவ்வளவுதான். கட்டைவிரல் மரத்துவிட்டது.

அக்கா, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு உன் மகள் செல்வி அந்த ஜாடியை எடுத்துக்கொண்டாள். அதே இடம், அதே பை. முதலில் நாலு பேர், பிறகு பத்துப் பேர் என்று அவளிடமும் வரத் தொடங்கினார்கள். நான் கூடமாட உதவி செய்தேன். கிராம்பு வாங்கி வருவது, பாட்டில் கழுவுவது, இப்படி.

அந்த வருஷம் மார்கழி. வைகுண்ட ஏகாதசிக்கு எத்தனை கூட்டம் வரும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜாடியில் அடி எண்ணெய்தான் மிச்சம். புது ஜாடி வெயிலுக்கு வைத்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. செல்வி முகம் வாடிப்போயிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கிராம்பிலிருந்தே ஆவியில் வடித்து எடுத்த தைலம் என்று ஒரு பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. உன் ஜாடி வாசனையே இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இவ்வளவு வாசனை என்றால் எவ்வளவு மருந்து! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடையில் கூட்டம். கடைக்காரர் பாட்டிலைக் கட்டிக்கொண்டே, "எப்படிக் கலக்கணும்னு மேலயே எழுதியிருக்கு, படிச்சுப் பாத்துக்குங்க" என்றார்.

நான் பாட்டிலை உற்றுப் பார்த்தேன். புருவத்தைச் சுருக்கினேன். "சரி, சரி" என்று தலையாட்டினேன்.

அக்கா, அந்தத் தலையாட்டல் உனக்கும் தெரியும். நம் இருவருக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால், படிக்கிறவர் போலக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். சீக்கிரம் திருப்பிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அது நன்றாகக் கைவந்திருந்தது. பட்டறையில் நாற்பது வருஷம் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதுவரை என் தலையாட்டலால் கெட்டது என் வேலை மட்டும்தான்.

செல்வி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், அந்தத் தைலம் முழுவதையும் அடி எண்ணெய் இருந்த பழைய ஜாடியில் கவிழ்த்தேன். திரும்பி வந்தவள், "என்ன மாமா, வாசனை இப்படித் தூக்குது?" என்றாள். "வெயில் நல்லா ஏறியிருக்கு தாயி" என்றேன்.

வாங்கினவர்களில் சிலர் எரிகிறது என்று சொன்னார்கள். காரமான மருந்து என்று சொல்லிச் சமாளித்தோம். சுரேஷ் என்று ஒரு ஆட்டோ டிரைவர். அவன் அம்மா அதே பஸ் ஸ்டாப்பில் பூ கட்டி விற்கிறவள். அவன் பஞ்சை நன்றாக நனைத்துப் பல்லோடு ஈறோடு அமுக்கி வைத்துவிட்டு, சவாரி இல்லாத மத்தியானத்தில் வண்டியிலேயே தூங்கிவிட்டான். எழுந்து பார்த்தால் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது.

அவன் அம்மா பூக்கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். "ஒங்கம்மா கையில மருந்து இருந்துச்சுடி. ஒன் கையில ஆசிட்டுதான் இருக்கு! எம்புள்ள மூணு நாளா கஞ்சிகூட குடிக்க முடியாம கெடக்கான். இந்தக் கையால இனிமே யாருக்காவது எதையாவது குடுத்த, நான் மனுசியா இருக்க மாட்டேன்." பஸ்ஸுக்கு நின்றவர்கள், இறங்கினவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள், எல்லோரும் கேட்டார்கள். செல்வி வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் திறக்கவில்லை.

அன்றே மிச்ச எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினாள். வெயிலில் இருந்த புது ஜாடியையும் கொட்டினாள். இரண்டையும் கவிழ்த்து வைத்தாள். "அம்மா கை எனக்கு வரல மாமா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த மாதம் துவாக்குடியில் மாணவர்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சுரேஷுக்குப் பத்து நாளில் ஈறு ஆறிவிட்டது. செல்விக்கு ஆறவில்லை.

அந்தக் காலி பாட்டிலை நான் தூக்கி எறியவில்லை. துணி சுற்றி என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா? அவர்களுக்கும் தெரிந்துவிடும், எனக்கும் தெரிந்துவிடும். எதற்கு நான் அதிகம் பயந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எடமலைப்பட்டி புதூரில், மகன் வீட்டுக்குப் பின்தெருவில், பெரியவர்களுக்கு மத்தியான வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். போய்ச் சேர்ந்தேன். பஸ் போர்டு படிக்கத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். உனக்கு உண்மை சொல்கிறேன். அந்த பாட்டிலை நானே படிக்கத்தான் போனேன்.

வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். என் பக்கத்தில் கீரை விற்கிற மீனாட்சி. நான் வீட்டிலும் சிலேட்டும் கையுமாகவே இருப்பதைக் கேள்விப்பட்டு, "என்னண்ணே, கலெக்டர் பரீட்சையா? எங்களையும் டவாலியா சேத்துக்குங்க" என்பாள். சொல்லித் தருகிறவர்தான் கிரேசி மேடம். எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார். ஒரு கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுப்பது அவர் வேலை. கிருமிகளோடு பழகிப் பழகியோ என்னவோ, எங்களிடம் அவ்வளவு பொறுமை.

ஒரு நாள் மேடம், வீட்டிலிருந்து ஏதாவது எழுத்து ஒட்டிய பொருளைக் கொண்டுவந்து படிக்க வேண்டும் என்றார். மீனாட்சி டீத்தூள் பாக்கெட் கொண்டுவந்தாள். நான் பெட்டியைத் திறந்தேன்.

பெரிய எழுத்தை முதலில் படித்தேன். கிராம்புத் தைலம். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்தது சின்ன எழுத்து. விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினேன். 'நேரடியாக ஈறில் தடவினால் புண் ஏற்படும். சில சொட்டுகள் மட்டும் நல்லெண்ணெயில் கலந்து பயன்படுத்தவும்.'

மறுபடியும் கை தட்டினார்கள். மீனாட்சி விசில்கூட அடித்தாள். ஒரு தடவைகூடத் தடுக்காமல் நான் படித்த முதல் வாக்கியம் அதுதான், அக்கா. சந்தோஷப்படுவதா, எழுந்து ஓடுவதா?

வகுப்பு முடிந்ததும் மேடம் என்னை நிறுத்தினார். "இவ்ளோ அழகா படிச்சீங்க ஐயா. ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா செஞ்ச எண்ணெய் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. நீ கடைசியாக எனக்குக் கொடுத்த பாட்டிலில் ஒரு விரற்கடை.

விரல் வலிக்கிறது. ஆனால் இன்றைக்கு நிறுத்த மனசில்லை. இனி வருவது நல்ல செய்தி.

மேடம் என்னைத் தன் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். எனக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். நீ பார்த்திருக்க வேண்டும். மூடி போட்ட வட்டக் கண்ணாடித் தட்டில் ஏதோ கூழ் உறைந்திருந்தது. கடல்பாசியிலிருந்து எடுத்தது என்றார். நோன்புக்கு நம் பக்கத்து பாய் வீட்டிலிருந்து கொடுத்தனுப்புவார்களே, அந்தக் கடல்பாசிதான். அதில் கிருமிக்கு வேண்டிய சாப்பாட்டையும் கலந்திருக்கிறார்களாம். அதன் மேல், பல்லைச் சொத்தையாக்குகிற கிருமியைப் பஞ்சால் தடவினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பொட்டு மாதிரி நாலு காகித வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு.

"எது எதுன்னு தட்டுக்கு அடியில நீங்களே எழுதுங்க ஐயா" என்று பேனாவைக் கொடுத்தார். நான் எழுதினேன். உன் எண்ணெய்க்கு 'அ'. நான் கவிழ்த்த அதே தைலத்தில் புதிதாக ஒரு பாட்டில் மேடம் வாங்கி வைத்திருந்தார்; அதற்கு 'த'. டாக்டர்கள் வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற மருந்துக்கு 'ம'. வெறும் நல்லெண்ணெய்க்கு 'ந'.

"வெறும் எண்ணெய் எதுக்கு மேடம்?"

"வேலை செஞ்சது கிராம்பா நல்லெண்ணெயான்னு தெரியணும்ல? இல்லாட்டி நாமளே நம்மள ஏமாத்திக்குவோம்."

உடம்புச் சூடு உள்ள ஒரு பெட்டியில் தட்டை வைத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தோம். கண்ணாடியில் மூச்சு விட்டால் மங்குமே, அப்படித் தட்டு முழுக்க மங்கியிருந்தது. அவ்வளவும் கிருமியாம். 'ந' வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி நெருங்கி வளர்ந்திருந்தது. 'ம'வைச் சுற்றித் தெளிவாக ஒரு பெரிய வட்டம். அதற்குள் கிருமி இல்லை. 'த'வைச் சுற்றி அகலமான வட்டம். 'அ'வைச் சுற்றி மெட்டி போல மெலிதாக ஒரு வட்டம்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. "இவ்வளவுதானா மேடம்? நான் ஊத்துனதுதான் ஜெயிச்சிருக்கு."

மேடம் சிரித்தார். "வட்டம் பெருசா இருந்தா மருந்து நல்லதுன்னு அர்த்தமில்ல ஐயா. இந்தத் தைலத்துக்குக் கிருமி எது, உங்க ஈறு எதுன்னு வித்தியாசம் தெரியாது. ரெண்டையும் சுடும். உங்க அக்கா எண்ணெயில கிராம்போட சத்து மெதுவா, கொஞ்சமா இறங்கியிருக்கு. சதை தாங்குற அளவு. அதோட, நல்லெண்ணெய் இந்தக் கூழுக்குள்ள சுலபமா பரவாது, அதனாலயும் வட்டம் சின்னதாத் தெரியலாம். ஒரு தட்டப் பாத்துட்டு முடிவு கட்டக் கூடாது. வேற மாதிரியும் பாக்கணும்."

இன்னொன்றும் சொன்னார். வாயில் கிருமிகள் இப்படித் தனியாகப் பரவிக் கிடக்காதாம். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழுவழுவென்று பிடித்திருக்குமே, அது போலப் பல்லின் மேல் படலம் கட்டி, ஒன்றை ஒன்று காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். தட்டில் சாகிற கிருமி அந்தப் படலத்துக்குள் சுலபமாகச் சாகாது. அதனால்தான் கிராம்பு, ஓமம், துளசி, எலுமிச்சம்புல் என்று ஒவ்வொரு எண்ணெயாக எடுத்து, எது எவ்வளவு கலந்தால் கிருமிக்கு ஆகாது, மனிதனுக்கு ஆகும் என்று எத்தனையோ பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். நீ ஒரு ஜாடியை வைத்துக்கொண்டு தேடிய அளவை இப்போது இவ்வளவு பேர் தேடுகிறார்கள், அக்கா.

ஒரு விஷயத்தில் உனக்கு வருத்தம் வரும். பல்லில் பூச்சி என்று சொல்லுவாயே, அப்படிப் பூச்சி எதுவும் இல்லையாம். இந்தக் கிருமிதான், நாம் தின்கிற இனிப்பைத் தின்று புளிப்பாக்கி, அந்தப் புளிப்பில் பல்லைக் கரைக்கிறதாம். நீ மேடத்தோடு சண்டைக்குப் போயிருப்பாய். ஆனால் தாடை வீங்கினவர்களுக்கு நீ எண்ணெய் தர மாட்டாய் என்று சொன்னதும், எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "குழி விழுந்த பல்ல எந்த எண்ணெயும் அடைக்காது, சீழ் வச்சா டாக்டர்தான் பாக்கணும். அது தெரிஞ்ச எண்ணெய்க்காரிய இப்பதான் கேள்விப்படுறேன்" என்றார்.

அங்கிருந்து நேராக துவாக்குடி பஸ் ஏறினேன்.

விடுதிச் சமையல்கட்டுக்குப் பின்னால் செல்வி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மலை மாதிரிக் குவிந்திருந்தது. "வாங்க மாமா, சாப்டீங்களா?" என்றாள். நான் பாட்டிலை எடுத்து, விரலை வைத்துப் படித்தேன். நான் படிப்பதைப் பார்த்து அவளுக்கு முதலில் சிரிப்பு. பிறகு என்ன படிக்கிறேன் என்று காதில் விழுந்தது. நான் ஜாடியில் கவிழ்த்ததையும் சொன்னேன்.

"இந்தப் பாட்டில் இவ்ளோ நாளா எங்க இருந்துச்சு?"

"என் பெட்டியில."

கத்தி நின்றது. "ரெண்டு வருசம் மாமா. என்ன தப்பு செஞ்சேன்னு நானும் தேடாத எடமில்ல. கிராம்பு கெட்டுப்போச்சா, ஜாடிய ஒழுங்கா கழுவலயா, அம்மா எதையாவது சொல்லாமப் போயிட்டாளான்னு. எம்புள்ளைக்குச் சோத்தப் பெசஞ்சு ஊட்டக்கூட பயமா இருந்துச்சு. அன்னிக்கு நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா தாயி."

"அழாதீங்க. நீங்க அழுதா நான் சமாதானம் சொல்லணும். இப்ப என்னால முடியாது."

நான் அழுகையை நிறுத்தினேன். அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். ஒரு பிடி, இரண்டு பிடி. பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்: "என்னையப் பேசுனது பஸ் ஸ்டாப்புல. அத்தன பேரு கேட்டாங்க. நீங்களும் அங்கதான் சொல்லணும்."

அதில் என்ன பேச்சு இருக்கிறது? சனிக்கிழமை, கோயிலுக்குக் கூட்டம் வருகிற நேரமாகப் பார்த்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் இறங்கினேன். நீ நின்ற இடத்தில் இப்போது ஒரு இளநீர் வண்டி நிற்கிறது. செல்வியும் வந்து அதற்குப் பின்னால் நின்றுகொண்டாள். சுரேஷின் அம்மா பூவோடு எதிரே இருந்தாள். பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடித்து, மனசுக்குள் படிக்கத் தெரியாத என் தொண்டையில் எவ்வளவு சத்தம் உண்டோ அவ்வளவு சத்தமாகப் படித்தேன். இதை ஜாடியில் ஊற்றியவன் நான், படிக்கத் தெரியாமல் ஊற்றினேன், செல்விக்கு இது தெரியாது என்று சொன்னேன்.

"ஏன் பெரியவரே, ரெண்டு வருசம் கழிச்சு வந்து சொல்றீங்களே, ஒங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள் சுரேஷின் அம்மா.

"நல்லா இல்லம்மா."

"அந்தப் பொண்ண என்னவெல்லாம் பேசிட்டேன். ஆசிட்டுன்னேனே!" அவள் எழுந்து சுற்றிப் பார்த்தாள். "ஏய் செல்வி! எளநிக்குப் பின்னாடி என்னடி ஒளிஞ்சுக்கிட்டு? வா இங்க. நீயாச்சும் அன்னிக்குத் திருப்பி நாலு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"என் மேல எனக்கே சந்தேகமா இருந்துச்சுக்கா."

சுரேஷின் அம்மா பூவை எடுத்தாள், வைத்தாள். "அவன் பல்ல டாக்டர் அடச்சு விட்டுட்டாரு. இப்ப முறுக்கெல்லாம் நல்லாத்தான் கடிக்கிறான்" என்றாள். பிறகு, "ஜாடி வச்சா எத்தன நாளாகும்?" என்றாள்.

"ஒரு மண்டலம் ஆகும். நான் இன்னும் ஜாடியே கழுவலக்கா."

"கழுவு. நான் என்ன இன்னிக்கேவா சாகப் போறேன்?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செல்வி ஜாடியை நிமிர்த்தினாள். விடுதி வேலையை அவள் விடவில்லை; ஜாடி வேலை விடுமுறை நாளில் மட்டும். என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "ஜாடிப் பக்கம் நீங்க வரக்கூடாது மாமா." சரி என்றேன். "பாட்டிலுக்குச் சீட்டு நீங்கதான் எழுதணும்." அதற்கு நான் சரி என்றுகூடச் சொல்லவில்லை. பேனாவை எடுத்துவிட்டேன். கிராம்பையும் ஓமத்தையும் இனிமேல் கைப்பிடியில் போடாமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் கொஞ்சம் அவருடைய தட்டுக்குப் போகும். கடையில் வைத்து விற்க என்ன அனுமதி வாங்க வேண்டும் என்றும் அவரே விசாரிக்கிறார். அதுவரை வழக்கமாக வாங்கினவர்களுக்கும், அவர்கள் அழைத்து வருகிறவர்களுக்கும் மட்டும்.

ஒரு மண்டலம் கழிந்து எண்ணெய் தயாரானதும், மேடமும் செல்வியும் சொல்லச் சொல்ல நான் எழுதிய சீட்டு இது. 'பல் எண்ணெய். பஞ்சில் இரண்டு சொட்டு மட்டும். வலிக்கிற பல்லில் வைத்து, கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடவும். தாடை வீங்கினால், காய்ச்சல் வந்தால் வைக்கக் கூடாது. டாக்டரிடம் போகவும். வலி நின்றாலும் பல்லைக் காட்டவும்.' ஒரு காலை முழுக்க உட்கார்ந்து ஆறு சீட்டு எழுதினேன். மீனாட்சி பார்த்துவிட்டு, "அண்ணே, அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். பொய்தான். இருந்தாலும் அன்று இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வருகிற ஒரு அம்மாவைச் சுரேஷின் அம்மா கூட்டிவந்தாள். செல்வி அவர் வாயைப் பார்த்துவிட்டு பாட்டிலைக் கொடுத்தாள். நான் முந்திக்கொண்டு, "எல்லாம் மேலயே எழுதியிருக்கும்மா" என்றேன், பெருமையாக. அவர் பாட்டிலை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். என் எழுத்து தலைகீழாக இருந்தது.

பாட்டிலை வாங்கி நான் படித்துக் காட்டினேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். "பஞ்சுல ரெண்டு சொட்டு, ராப்பூரா வச்சுக்கணும்" என்றார். "ராப்பூரா இல்ல தாயி, கொஞ்ச நேரம்." மறுபடி சொன்னார். இந்தத் தடவை சரி.

"நல்ல வாசனையா இருக்கு. யாரு கையால செஞ்சது இது?" என்று கேட்டார்.

உன் பெயர் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, அக்கா. அதற்குள் செல்வி சொன்னாள்.

"என் கையால செஞ்சதுங்க."

ஒரு தடவைதான் சொன்னாள். சுரேஷின் அம்மா பூவைக் கட்டுகிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். செல்வி செய்கிற எண்ணெயை, நான் இருக்கிறவரை, படித்துக் காட்டாமல் ஒருவர் கையிலும் கொடுக்க மாட்டேன். அவர்கள் வாயால் சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பாட்டில் கைமாறும். அந்த அம்மாவை வகுப்புக்கும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. வகுப்பு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

உன் கூடப் பிறந்தவன், செல்விக்குத் தாய்மாமன்,
கோவிந்தராசு
(கையெழுத்து. கைநாட்டு இல்லை.)